கணினி எழும்போது மணியை யாரிடம் கேட்கிறது? வன்பொருள் கடிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கணினிகளையும் சில சிறிய சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. "மணி தப்பாகக் காட்டுகிறது" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பின்னால் போய்ப் பார்த்தால் வங்கித் தளம் திறக்காதது, பேக்கப் ஓடாதது, பதிவேட்டில் நாள் மாறி விழுந்தது என்று வரிசையாக வரும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ், விண்டோஸ் தேவையான இடத்தில் வரும்.

கணினிக்குள் எத்தனை கடிகாரம் இருக்கிறது?

குறைந்தது இரண்டு. ஒன்று மதர்போர்டில் இருப்பது. கணினி அணைந்திருந்தாலும் சின்ன வட்ட பேட்டரியின் பலத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வன்பொருள் கடிகாரம், ஆர்டிசி, சிமாஸ் கடிகாரம், பயாஸ் கடிகாரம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எல்லாம் ஒன்றுதான். இன்னொன்று இயங்குதளம் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் கணக்கு. லினக்ஸில் அது 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்ற ஒரு எண். இதுதான் சிஸ்டம் நேரம். கோப்பில் விழும் தேதியும் மின்னஞ்சலில் விழும் நேரமும் இதிலிருந்து வருபவை.

கணினி ஓடும்போது சிஸ்டம் நேரம் ஆர்டிசியைப் பார்த்துப் பார்த்து நகர்வதில்லை. பிராசசருக்குள் இருக்கும் வேகமான எண்ணி ஒன்றை வைத்துத் தானே எண்ணிக்கொள்கிறது. ஆர்டிசியிடம் எழும்போது கேட்பதுதான். காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே கிளம்புவது போல. அந்த ஒரு பதில் தவறாக இருந்தால், வேறு யாராவது திருத்தும்வரை அன்றைய பொழுது முழுக்கத் தவறுதான். இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசிக்கு இதுவே வேர்.

அணைந்திருக்கும்போது நேரத்தை எண்ணுவது எது?

ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். நொடிக்கு 32,768 தடவை அதிரும்படி வெட்டப்பட்டது. ஏன் அந்த எண் என்றால், இரண்டை 15 தடவை பெருக்கினால் வருவது அது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். பாதியாக்கும் சுற்று மிக எளிது, மின்சாரமும் மிகக் குறைவாகக் குடிக்கும். கைக்கடிகாரங்களிலும் இதே கிரிஸ்டல்தான்.

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இந்த ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் டாஸ் தேதியையும் மணியையும் கேட்கும், நாம் தட்டச்சு செய்ய வேண்டும். 1984-இல் வந்த பிசி ஏடியில்தான் மோட்டரோலாவின் எம்சி146818 சிப்பை பேட்டரியோடு சேர்த்து வைத்தார்கள். மொத்தம் 64 பைட். அதில் 14 கடிகாரத்துக்கு, மீதி 50 பயாஸ் (கணினியை எழுப்பும் முதல் நிரல்) அமைப்புகளை நினைவு வைக்க. குறைந்த மின்சாரத்தில் ஓடும் அந்தச் சிப் வகையின் பெயரான "சிமாஸ்" ஒட்டிக்கொண்டது அப்போதுதான். இன்று அந்தத் தனிச் சிப் போய், அதன் வேலை சிப்செட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் பிசியில் லினக்ஸ் இன்னும் அதே பழைய ஏற்பாட்டின்படி, பதினாறடிமான எண் 70, 71 என்ற இரண்டு போர்ட்கள் வழியாகத்தான் மணி கேட்கிறது. நாற்பது ஆண்டு பழக்கம் மாறவில்லை.

எழும் அந்தச் சில நொடிகளில் சரியாக என்ன நடக்கிறது?

பிசியில் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கண் விழித்த உடனேயே சிமாஸ் கடிகாரத்தை ஒருமுறை படித்துச் சிஸ்டம் நேரத்தை ஏறக்குறைய சரியாக வைத்துக்கொள்ளும். பிறகு ஆர்டிசி டிரைவர் (அந்தச் சிப்போடு பேசும் நிரல்) ஏறியதும், கர்னலைத் தொகுக்கும்போது எந்தக் கடிகாரத்தைக் குறித்திருந்தார்களோ அதை, வழக்கமாக ஆர்டிசி0 என்பதை, மறுபடி படித்து நேரத்தை வைக்கும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் "சிஸ்டம் கடிகாரத்தை இந்த நேரத்துக்கு வைக்கிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதில் தேதி, மணி, யுடிசி என்ற சொல் எல்லாம் இருக்கும். நேரச் சிக்கல் என்று யார் வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இந்த வேலை கர்னலிலேயே முடியாத அமைப்புகளில், தொடக்க ஸ்கிரிப்ட் ஒன்று ஹெச்டபிள்யூகிளாக் என்ற கட்டளையை ஹெச்சிடுசிஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டும். வன்பொருள் கடிகாரத்திலிருந்து சிஸ்டத்துக்கு என்று அர்த்தம். சிஸ்டுஹெச்சி என்றால் நேர் எதிர்த் திசை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சரியாக இருந்த கடிகாரத்தின் மேல் தவறான நேரம் எழுதப்பட்டுவிடும். என்டர் தட்டுமுன் ஒரு மூச்சு நின்று வாசியுங்கள்.

ஆர்டிசி முழு நொடியைத்தான் சொல்லும்; அரை, கால் எல்லாம் சொல்லத் தெரியாது. 10:15:20 என்று சொன்னால் அந்த 20-ஆவது நொடி அப்போதுதான் தொடங்கியிருக்கலாம், முடியும் தறுவாயிலும் இருக்கலாம். அதனால் கர்னல் தானாக அரை நொடியைச் சேர்த்துக்கொள்கிறது. எப்படியானாலும் தவறு அரை நொடியைத் தாண்டாது என்பது கணக்கு. ஹெச்டபிள்யூகிளாக் வேறு வழியில் போகும்: நொடி மாறும் கணம்வரை காத்திருந்து படிக்கும். அந்தக் கட்டளை ஒரு நொடி தயங்கி நிற்பது போலத் தெரிவதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான், பழுது ஒன்றும் இல்லை.

படிக்கும் கணத்திலேயே மணி மாறினால்?

நல்ல கேள்வி. 09:59:59 பத்து மணியாக மாறும் கணத்தில் மணியை முதலிலும் நிமிடத்தைப் பிறகும் படித்தால் 09:00:00 என்று கிடைக்கும். ஒரு மணி நேரம் பறிபோகும். இதைத் தடுக்கச் சிப்பில் "மாற்றிக்கொண்டிருக்கிறேன், பொறு" என்று சொல்லும் பிட் ஒன்று இருக்கிறது. டிரைவர் அதைப் பார்த்து, அது இறங்கும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். மைக்ரோ கன்ட்ரோலரில் நீங்களே ஆர்டிசி படிக்கும் நிரல் எழுதுவதானால் உங்கள் சிப்பில் இதற்கு என்ன ஏற்பாடு என்று தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்கள் பெரும்பாலும் பிசிடி முறையில் (ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியே எழுதும் முறை) இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: பதினாறடிமானத்தில் 59 என்று தெரிந்தால் அது ஐம்பத்தொன்பதுதான், எண்பத்தொன்பது அல்ல.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். மாறி மாறிப் போட்டால் மணி ஐந்தரை மணி நேரம் தவறுகிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆர்டிசியில் வெறும் எண்கள்தான் இருக்கின்றன: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது எந்த ஊர் மணி என்று குறித்து வைக்க அந்தப் பழைய சிப்பில் இடமே இல்லை. படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். டாஸ் காலப் பழக்கத்தைத் தொடர்ந்து விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது.

இந்திய நேரம் காலை 10 மணி என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் ஆர்டிசியில் 10:00 என்று எழுதிவிட்டு அணைகிறது. உடனே லினக்ஸைப் போடுகிறீர்கள். லினக்ஸ் அதை யுடிசி 10:00 என்று படித்து ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, பிற்பகல் 3:30 என்று காட்டும். இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தன்னைத் திருத்திக்கொண்டு, ஆர்டிசியில் யுடிசி 4:30 என்று எழுதும். இப்போது விண்டோஸுக்குப் போனால் அது விடிகாலை 4:30 என்று சொல்லும். இரண்டுமே தன் வரையில் சரியாகத்தான் நடந்துகொள்கின்றன. இலங்கையிலும் வித்தியாசம் இதே ஐந்தரை மணிதான். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு எட்டு மணி நேரம் தவறும்.

தீர்வு, இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவருவது. விண்டோஸை மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் பிரிவின் கீழ் சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்ஜோன்இன்ஃபர்மேஷன் என்று வரிசையாக இறங்கி, ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற பெயரில் டிவேர்டு மதிப்பு ஒன்றை உருவாக்கி 1 என்று வையுங்கள். பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். மறுதொடக்கம் செய்து மணியை ஒருமுறை சரிசெய்தால் முடிந்தது.

லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதாதா? ஒரே கட்டளைதானே?

டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் மாறிவிடும், உண்மை. ஆனால் அப்படி வைத்துவிட்டு அதே கட்டளையில் நிலையைப் பார்த்தால் எச்சரிக்கை ஒன்று கூடவே வருவதைப் பாருங்கள். அதைப் புறந்தள்ள வேண்டாம் என்பேன்.

கர்னல் எழும்போது கோப்பு முறைமை இன்னும் திறந்திருக்காது. ஆர்டிசியில் இருப்பது உள்ளூர் நேரம் என்ற செய்தியோ இடிசி அடைவில் உள்ள அட்ஜ்டைம் என்ற கோப்பின் மூன்றாம் வரியில் இருக்கிறது. ஆகக் கர்னல் முதலில் யுடிசி என்று நம்பியே தொடங்கும். நம் ஊரில் அது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். கர்னலுக்கு அடுத்து எழுந்து மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி வந்து அந்தக் கோப்பைப் படித்த பிறகுதான் நேரத்தைப் பின்னால் இழுத்து வைக்கும். இடைப்பட்ட நேரத்தில் விழுந்த பதிவுகள் எதிர்காலத்தில் கிடக்கும். கோடைகால நேர மாற்றம் உள்ள ஐரோப்பா, அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். ஒரு மணி நேரத்தைக் கூட்டும் வேலையை இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே செய்து இரண்டு மணி நேரம் கூட்டிவிடும். ஆர்டிசியில் யுடிசி மட்டும் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நான் கைவைத்த எந்தக் கணினியையும் உள்ளூர் நேரத்தில் விட்டுவிட்டு வந்ததில்லை.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை: அங்கே இடிசி அடைவில் வால்_சிமாஸ்_கிளாக் என்ற வெறும் கோப்பு இருந்தால் ஆர்டிசி உள்ளூர் நேரம், இல்லாவிட்டால் யுடிசி.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணினி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. மற்ற நாளில் சரியாக இருக்கிறது.

பேட்டரி. ஒரு அலுவலகத்தில் இதே கதைதான். திங்கள் காலையில் மட்டும் பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லும். இணைய இணைப்பைத் திட்டி, ஆன்டிவைரஸை எடுத்து, விண்டோஸையே மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். மூலையில் பார்த்தால் தேதி பல வருடம் பழையது. கேபினெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன்: 2.4 வோல்ட். புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும்.

ஏன் திங்கள் மட்டும்? கணினியை ஷட்டவுன் செய்தாலும் பவர் கார்டில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) ஒரு சிறு மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆர்டிசி அதில் ஓடும். அந்த அலுவலகத்தில் சனிக்கிழமை மாலை மட்டும் மெயினை அணைத்துவிட்டுப் பூட்டுவார்கள். அந்த ஒன்றரை நாள்தான் பேட்டரி தனியாகத் தாங்க வேண்டிய பொழுது; தாங்கவில்லை. தினமும் மெயினை அணைக்கும் இடங்களில் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். அணைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பெரும்பாலான மதர்போர்டில் சிஆர்2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். எண்ணிலேயே அது எழுதியிருக்கிறது. கடையில் சிமாஸ் பேட்டரி என்று கேட்டாலே கொடுப்பார்கள். மாற்றியதும் பயாஸுக்குள் போய்த் தேதியை வைப்பதோடு, டிஸ்க் முறை, பூட் வரிசை ஆகியவை பழையபடி இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது. ஆனாலும் மாதம் ஒரு நிமிடம் தவறுகிறது.

அது பழுதல்ல, கிரிஸ்டலின் இயல்பு. சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை கூடக்குறைய இருக்கலாம். ஒரு நாளில் 86,400 நொடி; கணக்கிட்டால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். இதன் மேல் வெப்பமும் சேரும். இந்தக் கிரிஸ்டல்கள் 25 டிகிரியை ஒட்டி நன்றாக ஓடும்படி வெட்டப்பட்டவை. அங்கிருந்து சூடானாலும் சரி, குளிர்ந்தாலும் சரி, மெதுவாகத்தான் போகும். 45 டிகிரியில் இன்னும் சுமார் 14 பங்கு குறையும், அதாவது நாளுக்கு ஒரு நொடிக்கு மேல். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், மூடிய கேபினெட்டுக்குள் 45 என்பது ஒன்றும் அதிசயமில்லை.

இணையமே கிடைக்காத கணினியானால், சரியான நேரத்தை வைத்துவிட்டு சில வாரம் கழித்து மறுபடி சரிசெய்யும்போது ஹெச்டபிள்யூகிளாக்கில் அப்டேட்-ட்ரிஃப்ட் என்ற விருப்பத்தைச் சேருங்கள். நாளுக்கு எத்தனை நொடி நழுவுகிறது என்று கணக்கிட்டு அட்ஜ்டைம் கோப்பின் முதல் வரியில் எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை நேரம் எடுக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளும். இணையம் இருந்தால் இந்தச் சிரமம் வேண்டாம்.

இணையத்திலிருந்து நேரம் வந்துவிடுகிறதே, பிறகு ஆர்டிசி எதற்கு?

வருவதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். கணினி 1970-இல் எழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான இணைப்புக்குச் சான்றிதழ் சரிபார்க்க வேண்டும். இன்றைய சான்றிதழ் 1970-ஐப் பொறுத்தவரை இன்னும் தொடங்கவே இல்லை, நிராகரிக்கப்படும். தளப்பெயர் பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் அந்தக் கையொப்பங்களும் அப்படியே. நேர சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். நேரம் இல்லாததால் இணைப்பு இல்லை, இணைப்பு இல்லாததால் நேரம் இல்லை. இந்த முடிச்சைப் பலர் பல மணி நேரம் அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். அதற்கான பழைய என்டிபிடி நிரல் வேறொரு விதத்தில் முறுக்கிக்கொள்ளும். வித்தியாசம் 1,000 நொடிக்கு மேல் இருந்தால், "இது என்னால் நம்ப முடியாத அளவு" என்று நின்றுவிடும்; ஜி என்ற விருப்பம் கொடுத்திருந்தால் முதல் தடவை மட்டும் ஒத்துக்கொள்ளும். அதே வேலைக்கான இன்னொரு நிரலான க்ரோனியில் மேக்ஸ்டெப் என்ற வரி இந்த வேலையைச் செய்கிறது. தொடக்கத்தில் சில தடவை மட்டும் ஒரேயடியாகத் தாவ அனுமதி, அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் இழுக்கும்.

ஆக ஆர்டிசி நுணுக்கமாக இருக்க வேண்டியதில்லை. சில நொடி தவறினாலும் பரவாயில்லை. நாளும் மணியும் சரியாக இருந்தால் மீதியை என்டிபி பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் நிறுவனக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறையின்படி, தேசிய தகவலியல் மையம் அல்லது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடோ, அவற்றை ஒட்டி ஓடும் சர்வர்களோடோ நேரத்தை ஒத்திசைக்க வேண்டும்.

ராஸ்ப்பெர்ரி பையில் ஆர்டிசி இல்லையாமே? பிறகு எப்படி எழும்போது ஏறக்குறைய சரியான நேரம் காட்டுகிறது?

கையளவுள்ள இந்தச் சிறு கணினியில், முதல் பையிலிருந்து பை 4 வரை ஆர்டிசி கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல்தான் ஆர்டிசியை உள்ளேயே வைத்தார்கள். அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

மற்ற பைகள் செய்வது ஒரு கைவைத்தியம். ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற சிறு நிரல் அணையும்போதும், மணிக்கு ஒருமுறையும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். மறுபடி எழும்போது அங்கிருந்து தொடரும். சிஸ்டம்டியின் டைம்சிங்க்டியும் இதையே தன் கோப்பின் திருத்திய தேதியை வைத்துச் செய்கிறது. இதனால் நேரம் 1970-க்கு ஓடாது, சான்றிதழ் சிக்கல் பெரும்பாலும் வராது. ஆனால் அணைந்திருந்த பொழுதை இது அறியாது.

மழைமானி ஒன்றை ஒரு பையில் இணைத்து மொட்டைமாடியில் வைத்திருந்தோம். ஒரு நாள் பிற்பகல் 2:40-க்குக் கரண்ட் போயிற்று. கடைசியாக நேரம் எழுதப்பட்டது 2:17-க்கு. மாலை 6:10-க்குக் கரண்ட் வந்தது, இணையம் வரவில்லை. பை எழுந்தது, மணி 2:17 என்று நம்பி எண்ணத் தொடங்கியது. மாலை ஆறரைக்குக் கொட்டிய மழை 2:37 என்று பதிவானது. அதற்கு முன் 2:17-க்கும் 2:40-க்கும் இடையே உண்மையாகவே எடுத்த அளவுகளும் கோப்பில் இருந்தன. ஒரே நேரத்துக்கு இரண்டு வெவ்வேறு அளவு. எட்டு மணிக்கு இணையம் வந்ததும் நேரம் 4:07-லிருந்து ஒரே தாவாக 8:00 ஆனது. வரைபடத்தில் நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை வெற்றிடம். அன்றைக்கு நல்ல மழை. அந்தத் தரவைக் கடைசியில் பயன்படுத்தவே முடியவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்த வாரமே டிஎஸ்3231 என்ற ஆர்டிசி சிப் வாங்கி மாட்டினேன்.

பைக்கு எந்த ஆர்டிசி வாங்குவது? மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டிஎஸ்3231. உள்ளேயே வெப்பநிலையை அளந்து கிரிஸ்டலைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குதான் தவறும், அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில். டிஎஸ்1307 மலிவு, ஆனால் சாதாரணக் கிரிஸ்டல். வெளியில் வெயிலில் வைக்கும் கருவிக்கு அதை வாங்க வேண்டாம்.

கம்பிகள் நான்கு. பவரை 3.3 வோல்ட் முனையிலிருந்தே எடுங்கள், 5 வோல்ட்டிலிருந்து அல்ல. பையின் முனைகள் 5 வோல்ட் தாங்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று: சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீலநிறப் பலகைகள் பலவற்றில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்று இருக்கும். அது எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஏறும் வகைக்கானது. அதில் சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். உப்பிப்போகலாம், வெடிக்கவும் கூடும்.

பிறகு கான்ஃபிக் கோப்பில் இந்தச் சிப்புக்கான ஓவர்லே வரியை (இந்தச் சிப் மாட்டியிருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் வரி) சேர்த்து, ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் எது எதை மேலெழுதியது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

என் பலகையில் ஆர்டிசி0, ஆர்டிசி1 என்று இரண்டு தெரிகின்றன. பேட்டரி உள்ளதை மாட்டியும் 1970 என்றே எழுகிறது.

ஆர்ம் வகைப் பிராசசர் உள்ள சிறு கணினிப் பலகைகளில் இது அடிக்கடி வரும். பிராசசர் சிப்புக்குள்ளேயே ஒரு ஆர்டிசி இருக்கும், ஆனால் பல பலகைகளில் அதற்குப் பேட்டரி இணைப்பு கொடுத்திருக்க மாட்டார்கள். அதன் டிரைவர் முதலில் ஏறுவதால் ஆர்டிசி0 என்ற பெயர் அதற்குப் போய்விடும். நீங்கள் மாட்டியது ஆர்டிசி1 ஆகிவிடும். கர்னல் கேட்பது 0-விடம். எழும்போது தவறான ஆளிடம் மணி கேட்கிறது, அவ்வளவுதான்.

எதனிடம் கேட்டது என்று தெரிந்துகொள்ள, சிஸ் அடைவில் கிளாஸ், ஆர்டிசி என்று போனால் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஓர் அடைவு இருக்கும். அதனுள் ஹெச்சிடுசிஸ் என்ற கோப்பில் 1 என்று இருந்தால் அதிலிருந்துதான் சிஸ்டம் நேரம் வந்தது. திருத்த மூன்று வழி: பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயின் ஏலியாஸ் பகுதியில் பேட்டரி உள்ள சிப்புக்கு ஆர்டிசி0 என்று பெயர் ஒதுக்குவது; கர்னலைத் தொகுக்கும்போது ஆர்டிசி1 என்று குறிப்பது; உள்ளே இருப்பதை முடக்கிவிடுவது. முதலாவதையே செய்யுங்கள். கர்னல் புதுப்பிப்பு வந்தாலும் நிலைக்கும். கூடவே அந்த டிரைவரை மாட்யூலாக (பிறகு தனியாக ஏறும் துண்டு) விடாமல் கர்னலோடு சேர்த்துத் தொகுத்தால், கடிகாரம் தாமதமாக ஏறி முதல் பதிவுகள் தவறிப்போவதையும் தவிர்க்கலாம்.

பேட்டரி தீர்ந்த ஆர்டிசி தாறுமாறான தேதி சொன்னால் கர்னல் அதை அப்படியே நம்பிவிடுமா?

ஓரளவு தற்காப்பு இருக்கிறது. 13-ஆம் மாதம், 32-ஆம் தேதி மாதிரி நடக்காத எண் வந்தால் ஏற்காது. டிஎஸ்3231, பிசிஎஃப்8563 போன்ற சிப்களில், இடையில் ஓட்டம் நின்றது அல்லது மின்னழுத்தம் விழுந்தது என்று குறித்து வைக்கும் பிட் ஒன்று உண்டு. அது ஏறியிருந்தால் நேரம் நம்பத்தக்கதல்ல என்று டிரைவர் சொல்லிவிடும். 32 பிட் கர்னல் 2038-ஐத் தாண்டிய தேதி வந்தால் அதை ஏற்க மறுக்கும். எழும்போது கிடைத்த நேரம் தான் உருவாக்கப்பட்ட தேதிக்கும் முந்தியதாக இருந்தால், சிஸ்டம்டி நேரத்தை அந்தத் தேதிக்காவது முன்னே தள்ளி வைக்கும். ஆனால் பார்க்க ஒழுங்காக இருந்து மூன்று நாள் பின்தங்கிய தேதியை எதனாலும் கண்டுபிடிக்க முடியாது.

சரியான நேரத்தை ஆர்டிசியில் நானே எழுத வேண்டுமா?

என்டிபி ஓடினால் வேண்டாம். நேரம் ஒத்திசைந்துவிட்டது என்று தெரிந்ததும் கர்னல் தானாகவே 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்டிசியில் எழுதும். க்ரோனியில் இதற்கு ஆர்டிசிசிங்க் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இது ஓடும்போது முன்பு சொன்ன நாள்நழுவல் கணக்கு பொருந்தாது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

மெய்நிகர் கணினியில்?

அங்கே ஆர்டிசியும் போலிதான். மெய்நிகர் கணினியைத் தனக்குள் ஓட்டும் நிஜக் கணினி தன் நேரத்தைக் காட்டி நடிக்கும். அப்படி ஓட்டும் நிரல்களில் ஒன்றான கியூஎமு இயல்பாக யுடிசி கொடுக்கும். உள்ளே விண்டோஸ் ஓட்டினால் உள்ளூர் நேரம் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே ஐந்தரை மணி.

2038 பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

64 பிட் கணினி என்றால் இல்லை. 32 பிட்டில் நொடியை எண்ணும் பழைய அமைப்புகளில், 2038 ஜனவரி 19 அன்று யுடிசி 03:14:07-க்கு, நமக்குக் காலை 8:44:07, எண் நிரம்பிவிடும். சுவரில் மாட்டி மறந்துபோன கருவிகளில்தான் இது ஒளிந்திருக்கும். உங்களிடம் அப்படி என்னென்ன ஓடுகின்றன என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

புதிதாக ஒரு கணினியை ஒப்படைக்கும் முன் நீங்கள் என்ன பார்ப்பீர்கள்?

முதலில் டைம்டேட்சிடிஎல் ஓட்டி உள்ளூர் நேரம், யுடிசி, ஆர்டிசி நேரம் மூன்றையும் பார்ப்பேன். யுடிசியும் ஆர்டிசியும் ஒன்றாக நிற்க வேண்டும். அப்புறம் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஷட்டவுன் செய்து, பவர் கார்டையும் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அரை மணி கழித்து வந்து, நெட்வொர்க் இல்லாமலேயே போடுவேன். என் கைபேசி மணியோடு ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் ஒத்துப்போனால் கடிகாரமும் பேட்டரியும் சரி. டிஎம்இஎஸ்ஜியில் அந்த ஒரு வரி எந்த ஆர்டிசியிலிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். கடைசியாக, பேட்டரி போட்ட மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் கேபினெட்டின் உள்பக்கம் எழுதிவிட்டு மூடியைப் போட்டு முடுக்குவேன்.